நோயில்பூசுதல்: பெயர் மாறியது, நேரம் மாறவில்லை

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று குறித்துவைத்திருந்த விஷயம் இது. சொந்த வீட்டுக் கதையும் இதில் கலந்திருப்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்பா இறந்த இரவு, இரண்டரை மணி இருக்கும், எங்கள் பங்கு ஃபாதர் பைக்கில் வந்து இறங்கினார். அப்பாவுக்கு நினைவு தப்பி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. ஃபாதர் சின்னச் சிமிழைத் திறந்து, கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு, அப்பாவின் நெற்றியிலும் இரண்டு கைகளிலும் பூசினார். பிறகு புத்தகத்தைப் பார்த்து ஒரு செபம் சொன்னார். இவருடைய உடல் வேதனையும் மன வேதனையும் நீங்க வேண்டும், முழு நலம் பெற்று இவர் தம் பழைய கடமைகளுக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா வேலைக்குப் போவதை நிறுத்தி எட்டு வருஷம். அன்று விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

சாகக் கிடக்கிற மனிதரைப் பார்த்து, எழுந்து வேலைக்குப் போ என்று ஏன் ஒரு செபம் சொல்ல வேண்டும்? அவசரத்தில் பக்கத்தை மாற்றி வாசித்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு தேடிப் படித்ததில், செபத்தில் தப்பில்லை, அது வந்து சேர்ந்த நேரத்தில்தான் தப்பு என்று புரிந்தது. அந்த நேரத்தைத் தீர்மானித்தது ஃபாதர் இல்லை. நாங்கள்தான்.

ஏழில் ஒன்று

கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கத்தோலிக்கத் திருச்சபையில் அருட்சாதனங்கள் ஏழு. எங்கள் ஆயா காலத்துச் சின்னக் குறிப்பிடத்தில் இவற்றுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் என்று பெயர். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைபூசுதல், குருத்துவம், மெய்விவாகம் என்று ஆயா ஒரே மூச்சில் சொல்வார். இப்போதைய வகுப்பில் பிள்ளைகள் படிப்பது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம்.

பெயர் மாற்றம் எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை. இராயபுரம் என்ற பெயரே இராயப்பரால் வந்தது. கப்பல்கள் கரையை அண்ட முடியாமல் கடலிலேயே நின்ற காலத்தில், மசூலா படகில் சரக்கு ஏற்றி இறக்கிய குருகுல வம்சத்தார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுப்பிய கோவில் அது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் இராயப்பர் இல்லை, பேதுருதான் இருக்கிறார். ஆனாலும் பஸ்ஸில் ஏறி இராயப்பர் கோவில் என்றுதான் கேட்கிறோம். புத்தகத்தில் மாறிய பெயர் வாய்க்கு வர ஒரு தலைமுறை ஆகும். இராயப்பர் விஷயத்தில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அவஸ்தைபூசுதல் விஷயத்தில் நஷ்டம் இருக்கிறது.

அவஸ்தை என்றால் எங்கள் வீடுகளில் மரண அவஸ்தை. கடைசி இழுப்பு. ஒரு வீட்டுக்கு ஃபாதர் எண்ணெய்ச் சிமிழோடு போகிறார் என்றால், தெருவில் அடுத்த கேள்வி எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க என்பதுதான். நோயில்பூசுதல் என்ற புதுப் பெயர் கோவில் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வீட்டுக்குள் இன்னும் அவஸ்தைதான் நடக்கிறது.

எண்ணெய் நடந்துவந்த வழி

இது முதலிலிருந்தே இப்படி இருந்ததா? இல்லை. மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் சீடர்கள் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிக் குணமாக்குகிறார்கள். யாக்கோபு திருமுகம் 5-ஆம் அதிகாரம் இன்னும் தெளிவாக இருக்கிறது. நோயுற்றவர் சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும் என்கிறது. இதில் ஆளனுப்புகிறவர் நோயாளியே. அதாவது, யாரையாவது கூப்பிடும் அளவுக்கு நினைவும் குரலும் உள்ளவர். எங்கள் வீட்டில் நடந்ததற்கு நேர் எதிர்.

416-இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட், குப்பியோ நகர ஆயருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமல்ல, எல்லாக் கிறிஸ்தவர்களும் தங்களுக்கோ தங்கள் வீட்டாருக்கோ தேவைப்படும்போது பூசிக்கொள்ளலாம் என்று அதில் சொல்கிறார். ஆக, அன்றைக்கு அது வீட்டுக்குள் புழங்கிய எண்ணெய்.

8, 9-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் நடந்த சீர்திருத்தங்களில் இது குருக்களின் கைக்கு மட்டும் என்று ஆனது. அதோடு சாவுப் படுக்கையில் செய்யும் பாவசங்கீர்த்தனத்தோடு பிணைக்கப்பட்டது. பாவப் பரிகாரம் அந்தக் காலத்தில் கடுமையானது, எனவே மக்கள் அதைக் கடைசிவரை தள்ளிப்போட்டார்கள். அதன் பின்னால் கட்டப்பட்ட எண்ணெயும் கூடவே தள்ளிப்போனது. பூசப்பட்டவர் பிழைத்து எழுந்தால் இனி தாம்பத்தியம் கூடாது, இறைச்சி கூடாது என்றெல்லாம் மக்களிடையே நம்பிக்கை பரவியது. அது தவறு என்று திருச்சபையே சொல்லவேண்டி வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் கடைசிப் பூசுதல் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

1551-இல் திரெந்து பொதுச்சங்கம் இதைப் பற்றிப் பேசியபோது நடந்த ஒரு சின்னத் திருத்தம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் வரைவில், மரணப் போராட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. இறுதி வாசகத்தில் மட்டும் என்ற சொல் போய், சிறப்பாக என்ற பொருள் தரும் சொல் வந்தது. ஒரு சொல்தான் மாறியது, ஆனால் கதவு முழுசாக மூடப்படவில்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் நானூறு வருஷம் கழித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் நுழைந்தது. 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்த திருவழிபாடு பற்றிய ஏடு, இதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம், இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதல்ல, நோயாலோ முதுமையாலோ ஒருவர் ஆபத்து நிலைக்குள் நுழையத் தொடங்கும்போதே இதற்கான காலம் வந்துவிட்டது என்று சொன்னது.

1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே மாற்றியமைத்தார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொரு புலனுக்கும் பூசி, அது செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பார்கள். இப்போது நெற்றியும் கைகளும் மட்டும். ஒலிவ எண்ணெய் கிடைக்காத ஊரில் வேறு தாவர எண்ணெயும் போதும். நோய் கடுமையானால் மறுபடி பூசலாம். பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் பூசலாம். கோவிலில் பலருக்கு ஒன்றாகவும் பூசலாம்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் இன்னொன்று. அந்த இரவு நான் கேட்ட, பழைய கடமைகளுக்குத் திரும்பும் செபம் 1972-இல் புதிதாக எழுதியது இல்லை. 1614-இல் வந்த உரோமைச் சடங்கு நூலிலேயே அது இருக்கிறது. அதாவது, கடைசிப் பூசுதல் என்று பெயர் வைத்து, செத்துப்போகும் நேரத்தில் மட்டும் கொடுத்துவந்த அத்தனை நூற்றாண்டுகளிலும், புத்தகம் பிழைத்து எழுவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. லத்தீனில் இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. தமிழுக்கு வந்த பிறகுதான் உறுத்துகிறது. தாய்மொழி வழிபாட்டின் உபயோகங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறேன்.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோவில்களில் புனித வாரத்துப் புதன்கிழமை வந்திருக்கும் சபையார் எல்லோருக்கும் எண்ணெய் பூசுவார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். எண்ணெய்க்கும் சாவுக்கும் இயற்கையாக ஒரு முடிச்சும் இல்லை. அது போட்ட முடிச்சு.

எங்கள் பக்கம்

எங்கள் ஆட்களுக்கு எண்ணெய் என்றாலே பயம் என்று சொல்லிவிட முடியாது. வேளாங்கண்ணிக்குப் போய்வந்த எந்த வீட்டிலும் மந்திரித்த எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில் இருக்கும். முட்டி வலிக்குப் பூசுவார்கள், குழந்தைக்கு வயிற்றில் தடவுவார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் நெற்றியில் வைப்பார்கள். பக்கத்து வீட்டு இந்து அக்காவும் கேட்டு வாங்கிப்போவார். சட்டப்படி இது அருட்சாதனம் இல்லை. ஆனால் 416-இல் இன்னொசென்ட் சொன்ன அந்த வீட்டு எண்ணெயின் நினைவு இதில்தான் உயிரோடிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நோய்க்கு எண்ணெய் என்பதை மக்கள் மறக்கவில்லை. ஃபாதர் கையில் இருக்கும் எண்ணெயை மட்டும் சாவுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

மற்ற அருட்சாதனங்களை எங்கள் பங்குகள் கொண்டாடுகிற அழகைப் பாருங்கள். புதுநன்மை என்றால் வெள்ளை கவுன், கிரீடம், மெழுகுவர்த்தி, போட்டோகிராபர், மதியம் பிரியாணி. உறுதிபூசுதலுக்கு ஆயர் வருகிறார் என்றால் தெருவெல்லாம் கொடி. கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பங்கில் ஒரு பையன் குருவானால் அவனது முதல் பூசைக்கு ஊரே திரளும். ஒப்புரவுக்குக்கூடத் தவக்காலத்தில் நீளமான வரிசை நிற்கும். செத்த பிறகும் குறையில்லை. அடக்கப் பூசை, காசிமேடு கல்லறை வரைக்கும் கூட்டம், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுவர்த்தியும். பூசையில் இறந்தவர்களின் பெயரை வாசிக்கிறார்கள். காணிக்கை கொடுத்து, நம் வீட்டுப் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு மனிதன் எட்டு வருஷம் நோயாளியாக இருந்தால், அந்த எட்டு வருஷத்துக்கு மட்டும் பங்கில் சடங்கு இல்லை.

வேறு எங்காவது என்றால்கூட விட்டுவிடலாம். இது வடசென்னை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்படும்வரை நிலக்கரி எரித்தது. 1994 முதல் அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம். அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். மணலியில் 1960-களின் கடைசியிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்து படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இங்கே நோய் ஒரே நாளில் வருவதில்லை. வீசிங், இழுப்பு, தோல் அரிப்பு என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். எங்கள் அப்பா திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். பீடியும் பிடிப்பார், ஆகவே புகைபோக்கியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நுரையீரல் போய், வேலையை விட்டு, முதல் வருஷம் ஞாயிறு பூசைக்கு நடந்து வந்தார். இரண்டாம் வருஷம் ஆட்டோ. மூன்றாம் வருஷம் கோவில் படி ஏற முடியவில்லை. அப்புறம் வீட்டிலேயே டிவியில் பூசை. சந்தாவும் திருவிழா வரியும் மட்டும் எங்கள் வீட்டிலிருந்து தவறாமல் போயின. வருஷத்துக்கு இரண்டு முறை, முதல் வெள்ளியில் யாராவது நன்மை கொண்டுவருவார்கள்.

நடுவில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஃபாதரைக் கூப்பிடலாமா என்று நான் கேட்டேன். அத்தைதான் தடுத்தார். "இப்பவே ஃபாதர இட்டாந்தா அவரு பயந்துடுவாருடா. டாக்டரே ஒண்ணும் சொல்லல, நீ என்னாத்துக்கு அவசரப்படுற?" நானும் சரி என்றேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டியது அவரைத்தான்.

ஒரு பிப்ரவரி 11

லூர்து அன்னை திருநாளான பிப்ரவரி 11-ஐ உலக நோயாளர் நாளாக 1992-இல் அறிவித்தார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். பெரம்பூர் லூர்து அன்னை கோவில் இருப்பதால் வடசென்னையில் அந்தத் தேதியை எல்லோருக்கும் தெரியும். அப்பா போன அடுத்த வருஷம், அந்த நாளில் ஒரு பங்கில் நோயாளர் பூசையும் பொதுவில் நோயில்பூசுதலும் என்று கேள்விப்பட்டுப் போனேன். எந்தப் பங்கு என்பது வேண்டாம்.

நல்ல முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் பூசை வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு. ஷிப்ட் வேலைக்குப் போகிற மகன்கள் எப்படி அம்மாவைக் கூட்டிவருவார்கள்? வாசலில் ஒன்பது படி, சக்கர நாற்காலி ஏற வழியில்லை. ஸ்பீக்கர் சத்தத்தில் நெஞ்சு அதிர்கிறது. வந்த நாற்பது பேரும் நடக்க முடிந்தவர்கள். நடக்க முடியாதவர்களுக்குத்தான் இந்தப் பூசை என்பதை ஏற்பாடு செய்தவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. பூசும்போதும் ஒரே வேகம், ஆளுக்கு ஐந்து விநாடி. தலைமேல் கை வைத்து மௌனமாகச் செபிப்பது இந்தச் சடங்கின் ஒரு பகுதி. அது தொட்டும் தொடாமலும் போய்விட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா வரிசைக்கு எழவே இல்லை. "எனக்கு வேணாம் கண்ணு. இன்னும் பேத்தி கல்யாணம் பாக்கணும்" என்றார். அவரைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆயுள் முழுக்க அவர் பார்த்தது ஒன்றுதான்: எண்ணெய் பூசப்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஒரு பிரசங்கத்தால் இதை மாற்ற முடியாது. பூசப்பட்டு எழுந்து நடமாடுகிறவர்களை அவர் பார்க்க வேண்டும்.

பூசை முடிந்து வெளியே, டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "மூணு வருஷமா வாரம் ரெண்டு தபா போறேன் சார். பங்குல ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்கி வரிசைல நின்னப்புறந்தான் பத்து பேரு வந்து இன்னா ஏதுன்னு கேட்டாங்க" என்றார்.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வந்தது முழுக்க அவர் சொன்னதில் இருக்கிறது. பொதுவில் பூசுவது என்றால், இவர் நோயாளி, இவர் எங்களில் ஒருவர் என்று சபை நடுவே ஒத்துக்கொள்வது. அது நடக்காதவரை நோய் அந்தந்த வீட்டின் தனிக் கஷ்டம். ஒவ்வொரு வீடும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரே தெருவில் எத்தனை பேர் மூச்சு வாங்குகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியாமல் போகும். எண்ணூர் மாதிரி ஊரில் அது தெரியாமல் போவதில் பக்திக்கு அப்பாற்பட்ட நஷ்டமும் இருக்கிறது.

மறுப்புகள்

இதை நண்பர்களிடம் சொன்னபோது வந்த எதிர்வாதங்களில் இரண்டு நியாயமானவை.

ஒன்று, இப்படித் திறந்துவிட்டால் அறுபது தாண்டிய எல்லோரும் தலைவலிக்குக்கூட வரிசையில் நிற்பார்கள், சடங்கு மலிவாகிவிடும். உண்மைதான். கடுமையான நோய் அல்லது முதுமைத் தளர்ச்சி என்பதே விதி. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆபத்து அந்தப் பக்கம் இல்லை. இங்கே தகுதியுள்ள நூறு பேரில் பெரும்பாலோர் வருவதே இல்லை. மேலும், காலம் தாழ்த்தாமல் நோயாளிக்கு இது கிடைக்கப் பார்த்துக்கொள்வது பங்குக் குருக்களோடு உறவினர்களின் கடமையும்தான் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. எங்கள் குடும்பம் அந்தச் சட்டத்தில் தோற்றுப்போனது.

இரண்டாவது, பூசும் அதிகாரம் குருவுக்கு மட்டும். 2005-இல் வத்திக்கான் இதை மறுபடி உறுதி செய்தது. ஆயிரக்கணக்கான ஆட்கள் உள்ள பங்கில் ஒன்றிரண்டு ஃபாதர்கள் எத்தனை வீடு ஏறுவார்கள்? இதுவும் நியாயம். ஆனால் யார் நோயாளி என்று கண்டுபிடிக்கக் குருப்பட்டம் தேவையில்லை. ஒவ்வொரு தெருவிலும் அன்பியம் இருக்கிறது. மரியாயின் சேனை இருக்கிறது, வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்ததும் திருவிழா வரிக் கணக்கு பேசுகிற பத்து நிமிஷத்தில், இந்தத் தெருவில் யாருக்கு ஆபரேஷன், யார் படுக்கையில் என்று ஒரு பட்டியல் எழுதலாம். நோயாளர் பூசையை ஞாயிறு மாலைக்கு மாற்றலாம், தரைத்தளத்தில் பள்ளிக்கூட ஹாலில் வைக்கலாம். இறந்தவர்களின் பெயரை வாசிப்பது போல, சம்மதம் கேட்டு நோயாளிகளின் பெயரையும் வாசிக்கலாம். இதற்கெல்லாம் உரோமையிலிருந்து அனுமதி வர வேண்டியதில்லை. 1972-லேயே வந்துவிட்டது.

போன வருஷம் அத்தைக்கு பைபாஸ் ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். அப்பாவுக்கு ஃபாதர் வேண்டாம் என்று சொன்ன அதே அத்தை. இந்தத் தடவை நான் விடவில்லை. முதலில் சண்டை போட்டார், அப்புறம் ஒத்துக்கொண்டார். ஃபாதர் வந்தபோது அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியைத் தானே நிமிர்த்திக் காட்டினார், கைகளை நீட்டினார். பழைய கடமைகளுக்குத் திரும்பும் அந்தச் செபத்துக்கு அவரே ஆமென் சொன்னார். பிறகு ஃபாதருக்கு டீ போட்டுக் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது மறுபடி இட்லி மாவு அரைத்து விற்கிறார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு நேர்மையாக இருக்காது. ஃபாதர் உள்ளே வந்ததும் அத்தை முதலில் செய்யச் சொன்னது, தெருக் கதவைச் சாத்துவதுதான். "யாராச்சும் பாத்தா எனக்கு முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிக்குவாங்க." சாத்தினேன். அடுத்த தடவை அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.